மூடுபனிக் கரையின் வாழ்வியல் வரலாறு: நியூஃபவுண்ட்லாந்தின் மீனவத் துறைகள்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் கிழக்கு எல்லையில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் அமைந்துள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவ ஊர்களுடைய வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தீவின் தென்கிழக்கில் உள்ள அவலான் தீபகற்பக் கரை சிறப்புக் கவனம் பெறுகிறது. கருவாட்டுத் தொழில், பெண்களின் உழைப்பு, வணிகர்களின் கடன்முறை, மூடுபனியில் வழியறியும் மரபு, நாட்டார் நம்பிக்கைகள், கடலில் தத்தளிப்போரைக் கரைசேர்க்கும் வழக்கம் ஆகியன ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைக் கட்டுரை நிறுவ முற்படுகிறது. 1986ஆம் ஆண்டு ஈழத்தமிழ் அகதிகள் 155 பேர் இக்கரையில் மீட்கப்பட்ட நிகழ்வு அப்பின்னணியில் வைத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நியூஃபவுண்ட்லாந்து, மூடுபனி, காட் மீன், கருவாடு, கடன்முறை, மீட்பு மரபு, ஈழத்தமிழ் அகதிகள்

முன்னுரை

கனடாவில் ஈழத்தமிழர் குடியேறிய வரலாற்றைப் பேசுவோர் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாளைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. அன்று திறந்த உயிர்காப்புப் படகுகள் இரண்டில் மிதந்துகொண்டிருந்த தமிழர் 155 பேரை நியூஃபவுண்ட்லாந்தின் மீனவர்கள் மீட்டனர். இந்நிகழ்வு பல இடங்களில் நினைவுகூரப்பட்டுள்ளது. எனினும், அவர்களை மீட்ட கரை எத்தகையது, அங்கு வாழ்ந்தோர் யாவர், மூடுபனிக்குள் கண்ட அயலாரை அவர்கள் உடனே படகில் ஏற்றிக்கொண்டது எந்த மரபின் வழிவந்த செயல் என்னும் வினாக்கள் தமிழில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அக்கரை ஒரு பெயராக மட்டுமே நம் எழுத்துகளில் இடம்பெறுகிறது.

இக்குறையை ஓரளவேனும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். நெய்தல் நில வாழ்வைத் திணைக் கோட்பாட்டின் வழியே பயின்ற தமிழ் ஆய்வாளர்க்கு நிலம், பொழுது, தொழில், ஒழுக்கம் ஆகியவற்றை இணைத்துக் காணும் பார்வை புதியதன்று. அப்பார்வையை அயல்நிலம் ஒன்றின்மீது அப்படியே பொருத்துவது முறையாகாது. எனினும், ஒரு கரையின் வானிலை அங்குள்ள தொழிலை எவ்வாறு வகுக்கிறது, அத்தொழில் மாந்தருறவை எவ்வாறு வகுக்கிறது என்று கேட்பதற்கு அது நல்ல பயிற்சியாகும்.

1. மூடுபனியின் இயல்பும் நிலத்தின் அமைப்பும்

மார்கழி விடியலில் தமிழ்நாட்டின் வயல்வெளிகளில் இறங்கும் பனி, கதிரவன் ஏறியதும் விலகிவிடும். நியூஃபவுண்ட்லாந்தின் மூடுபனி அவ்வகையைச் சார்ந்ததன்று. வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் குளிர்நீரைக் கொண்டுவருகிறது. தெற்கில் வளைகுடா நீரோட்டம் வெந்நீரைச் சுமந்து செல்கிறது. தெற்கிலிருந்து வீசும் ஈரமான வெப்பக்காற்று குளிர்ந்த நீர்ப்பரப்பின்மேல் தவழ்ந்து வரும்போது அதிலுள்ள ஈரம் மூடுபனியாக மாறுகிறது. ஆகவே காற்று வீசும்போதும் இப்பனி கலைவதில்லை. நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு. அவலான் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள அர்ஜென்ஷியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்கள் மூடுபனி பதிவாகிறது. இது இளவேனிலிலும் கோடையிலும் மிகுதி. மீன்பிடிப்புப் பருவமும் அதுவே. மீன் வரும் காலமும் கண் மறையும் காலமும் ஒன்றாக அமைந்தது இக்கரை வாழ்வின் அடிப்படை முரணாகும்.

நிலமும் இணக்கமானதன்று. கரை செங்குத்தான பாறைகளாலும் குறுகிய நீர்நுழைவுகளாலும் ஆனது. மண் மெலிந்தது, உட்பகுதியில் சதுப்பும் மரமற்ற திறந்த வெளியும் பரந்து கிடக்கின்றன. தீவின் தென்கிழக்கு மூலையில் ரேஸ் முனைக்கு அருகில் 'மிஸ்டேக்கன் பாயிண்ட்' என்னும் இடம் உள்ளது. 'தவறாகக் கருதப்பட்ட முனை' என்பது அதன் பொருள். மூடுபனியில் வந்த மாலுமிகள் அதனை ரேஸ் முனையென மயங்கித் தவறான திசையில் கப்பலைத் திருப்பிப் பாறையில் மோதியதால் இப்பெயர் வந்தது. சற்றேறக்குறைய 56 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரினங்களின் புதைபடிவங்கள் காணப்படும் அவ்விடத்தை 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றது. மூடுபனியின் விளைவை இக்கரை தன் இடப்பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

2. உப்பும் கரையும்: குடியிருப்புகளின் தோற்றம்

ஐரோப்பியர் இத்தீவை அடைந்த வரலாறு நீண்டது. வடமுனையிலுள்ள லான்சோ மெடோஸ் என்னுமிடத்தில் நார்ஸ் மக்களின் குடியிருப்பு இருந்ததை 1960இல் ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி ஆன் ஸ்டைனும் கண்டறிந்தனர். அங்குள்ள மரத்துண்டுகள் கி.பி. 1021இல் வெட்டப்பட்டவை என்பதை 2021இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. 1497இல் ஜான் கேபட்டின் பயணத்திற்குப் பின்னர், இங்கிலாந்து, பிரான்சு, போர்ச்சுகல் நாட்டவரும் பாஸ்கு மக்களும் காட் மீனைத் தேடி ஆண்டுதோறும் வந்தனர்.

மீன் அனைவர்க்கும் பொதுவாக இருக்க, கரை ஏன் ஆங்கிலேயர்க்கு இன்றியமையாததாயிற்று? இதற்கு விடை உப்பில் உள்ளது. பிரெஞ்சுக்காரர்க்குத் தம் நாட்டு உப்பளங்களிலிருந்து கடலுப்பு மலிவாகக் கிடைத்தது. ஆகவே அவர்களுள் ஒருசாரார் நடுக்கடல் திட்டுகளிலேயே மீனைப் பிடித்து, கனமாக உப்பிட்டு, ஈரத்துடன் கப்பலில் அடுக்கி நேரே நாடு திரும்பினர். ஆங்கிலேயர்க்குப் போதிய உப்பளங்கள் இல்லை. குறைந்த உப்பைத் தூவி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தும் முறையை அவர்கள் கையாண்டனர். உலர்த்துவதற்கு நிலம் வேண்டும், இறங்குமேடை வேண்டும், வாடி வேண்டும். தமிழ்க் கடற்கரைகளில் பருவந்தோறும் மீனவர் அமைத்துத் தங்கும் வாடிகளுக்கு ஒப்பானவை இங்கும் கரைநெடுகத் தோன்றின. வெயில் அரிதான மூடுபனிக் கரையில் உலர்கருவாட்டுத் தொழில் வேரூன்றியது விந்தையாகத் தோன்றலாம். உப்புப் பற்றாக்குறையே அதன் காரணமாகும்.

பருவகால வாடிகள் நிலையான ஊர்களாக மாறியது மெதுவாகவே நிகழ்ந்தது. 1610இல் ஜான் கை தலைமையில் கியூபிட்ஸிலும், 1621இல் ஜார்ஜ் கால்வர்ட்டின் முயற்சியால் ஃபெரிலாந்திலும் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. 1699ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு துறைக்கும் அப்பருவத்தில் முதலில் வந்துசேரும் கப்பலின் தலைவனை அத்துறையின் 'அட்மிரல்' ஆக்கி, சச்சரவுகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் வழங்கியது. பிரிட்டிஷ் அரசும் வணிகர்களும் குடியேற்றத்தை முற்றிலும் தடைசெய்தனர் என்னும் கருத்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரலாற்று நூல்களில் இடம்பெற்று வந்தது. மெமோரியல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் கீத் மேத்யூஸ் இதனை மறுத்தார். சட்டத்தைவிடத் தொழிலின் பொருளாதாரமும் குளிர்காலத்தில் வேறு பிழைப்பு இன்மையுமே குடியேற்றத்தைத் தாமதப்படுத்தின என்னும் விளக்கம் இன்று வலுப்பெற்றுள்ளது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் தென்கிழக்கு மாவட்டங்களிலிருந்து, குறிப்பாக வாட்டர்ஃபோர்ட் துறைமுகத்தின் சுற்றுப்புறத்திலிருந்து, மிகுதியான மக்கள் வந்தனர். முதலில் பருவகாலக் கூலிகளாக வந்தவர்கள் அவலானின் தென்கரையில் தங்கிவிட்டனர். அப்பகுதியின் பேச்சிலும் இசையிலும் சமயத்திலும் அயர்லாந்தின் தடம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. தலைநகரான செயின்ட் ஜான்ஸுக்கு வெளியிலுள்ள ஊர்கள் யாவும் 'புறத்துறைகள்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்பட்டன.

இக்குடியேற்றத்தின் இழப்பையும் பதிவுசெய்தல் வேண்டும். தீவின் தொல்குடிகளான பியோத்துக் மக்கள், கோடையில் கடலோரத்தையும் குளிர்காலத்தில் உட்பகுதிக் காரிபு மான்களையும் நம்பி வாழ்ந்தவர்கள். துறைகளும் ஆற்றுமுகங்களும் மீனவர் கைக்குச் சென்றபோது அவர்களது கடல் உணவு அறுபட்டது. பசியும் காசநோயும் கொலைகளும் அவர்களை அழித்தன. அச்சமூகத்தின் அறியப்பட்ட கடைசி உறுப்பினரான ஷானாதிதித் 1829இல் செயின்ட் ஜான்ஸில் காசநோயால் இறந்தார். அவர் வரைந்து கொடுத்த படங்களே அம்மக்களின் இறுதிக்காலத்தைப் பற்றி அவர்கள் தரப்பிலிருந்து எஞ்சிய முதன்மைச் சான்றாகும். இக்கரையின் விருந்தோம்பலைப் பாராட்டும் எவரும் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

3. பரணும் பெண்களும்

நியூஃபவுண்ட்லாந்தில் 'மீன்' என்றால் காட் மீன் மட்டுமே. பிறவற்றை அவற்றின் தனிப்பெயரால் குறிப்பர். 'மீன் செய்தல்' என்பது மீனைக் கருவாடாக்கும் முழுப்பணியையும் சுட்டும் தொடராகும்.

படகு வந்ததும் இறங்குமேடையில் பணி பிரிந்தது. ஒருவர் மீனின் கழுத்தை அறுப்பார், மற்றொருவர் தலையை நீக்கிக் குடலைக் களைந்து ஈரலைத் தனியே ஒதுக்குவார், மூன்றாமவர் முதுகெலும்பை எடுத்து மீனைத் தட்டையாகப் பிளப்பார், நான்காமவர் உப்பிடுவார். உப்பு குறைந்தால் மீன் கெடும், கூடினால் எரிந்துபோகும். ஆகவே உப்பிடுதல் தேர்ந்த கைக்கே உரியதாயிற்று. சில நாட்களுக்குப் பின் மீனைக் கழுவி, மரக்கொம்புகளால் கட்டிய பரண்களில் பரப்பினர். பரணின் அடியிலும் காற்று புகுந்து மீன் இருபுறமும் உலர்ந்தது.

குடும்பத் தொழிலாக இது மாறிய பின்னர், கரையில் நிகழ்ந்த இப்பணியின் பெரும்பகுதி பெண்களையும் சிறுவரையும் சார்ந்தது. காலையில் பரப்புவதும், நடுப்பகலில் புரட்டுவதும், மாலையில் குவித்து மூடுவதும் வாரக்கணக்கில் தொடர்ந்தன. வெயில் கடுமையானால் மீன் வெந்துவிடும். மழையோ மூடுபனியோ இறங்கினால் பூசணம் பூக்கும். சமையலறையில் ரொட்டி பிசைந்துகொண்டிருந்தாலும், வானம் கறுத்தால் பெண்கள் அனைவரும் பரணுக்கு ஓடினர். பருவம் முழுவதும் ஆண்கள் பிடித்தவற்றின் மதிப்பு, வானிலையைக் கணிக்கும் பெண்ணின் அறிவையே சார்ந்திருந்தது. வலிமையான பெண்ணை மணந்தவனே பிழைப்பான் என்னும் எண்ணம் அவ்வூர்களில் நிலவியதற்கு இதுவே காரணம்.

சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் உணங்கும் மீனைப் பறவைகள் கவராமல் மகளிர் காக்கும் காட்சியைப் பயின்றவர்க்கு இது அயலாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அங்கு மகளிர் காப்பது புள்ளினத்திடமிருந்து. இங்கு முதன்மையாகக் காக்கவேண்டியது ஈரத்திடமிருந்து.

இவற்றோடு தோட்டமும் பெண்களின் பொறுப்பாயிருந்தது. மெலிந்த மண்ணில் கடற்பாசியையும், கேப்ளின் என்னும் சிறுமீனையும் உரமாக இட்டு உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, டர்னிப் ஆகியவற்றை விளைவித்தனர். ஜூன், ஜூலை மாதங்களில் கேப்ளின் முட்டையிடுவதற்காக அலைகளோடு கூட்டம் கூட்டமாகக் கரையில் வந்து புரளும். அப்போது நிலவும் குளிர்ந்த, தூறலும் மூடுபனியும் கலந்த நாட்களைக் 'கேப்ளின் வானிலை' என்றே மக்கள் அழைத்தனர். ஒரு மீனின் வருகையால் பருவத்துக்குப் பெயரிடும் இவ்வழக்கு, பொழுதும் தொழிலும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

4. கண்ணில் படாத கணக்கு

இக்கரையில் கடன்முறையே வணிகத்தின் முதுகெலும்பாயிருந்தது. இளவேனிலில் வணிகர் உப்பு, வலை, தூண்டில், மாவு, தேயிலை, வெல்லப்பாகு ஆகியவற்றைக் கடனாக வழங்குவார். இலையுதிர் காலத்தில் மீனவர் தம் கருவாடு முழுவதையும் அவரிடமே ஒப்படைப்பார். பொருளின் விலையையும் மீனின் விலையையும் வணிகரே நிர்ணயித்தார். கணக்குப் புத்தகமும் அவரிடமே இருந்தது. எழுத்தறிவற்ற மீனவர் பலர், ரொக்கப் பணத்தை அரிதாகவே கண்டு வாழ்நாளைக் கழித்தனர்.

கருவாட்டின் தரத்தை வணிகரால் அமர்த்தப்பட்ட தரம்பிரிப்பவர் ஒருவர் தீர்மானித்தார். உயர்தரக் கருவாடு தென் ஐரோப்பியச் சந்தைகளுக்குச் சென்றது. உடைந்ததும் கெட்டதுமான கடைத்தரம் 'வெஸ்ட் இந்தியா' எனப் பெயர் பெற்றது. கரிபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்கர்களுக்கு அதுவே உணவாக அனுப்பப்பட்டது. அங்கிருந்து வெல்லப்பாகும் ரம்மும் இக்கரைக்கு வந்தன. வறிய மீனவரின் பரணில் மூடுபனியால் பழுதான மீன், கடலுக்கு அப்பால் இன்னும் கொடிய நிலையில் இருந்தோரின் தட்டில் விழுந்தது. ஒரு பொருளின் தரப்பெயருக்குள் அட்லாண்டிக் உலகின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

கடன்முறையை ஒருமுகச் சுரண்டலாக மட்டும் காண்பதும் முழுமையாகாது. மீன் பொய்த்த ஆண்டிலும் குளிர்காலத்துக்கான மாவை வணிகர் கொடுத்தாக வேண்டியிருந்தது. இல்லையேல் அடுத்த பருவத்துக்கு மீனவரே இல்லாமற் போவர். ஆயினும் பிணைப்பின் இருமுனைகளும் சமமானவையல்ல. 1908இல் வில்லியம் கோக்கர் ஹெரிங் நெக் என்னும் ஊரில் தொடங்கிய மீனவர் பாதுகாப்புச் சங்கம், நேர்மையான தரப்பிரிப்பையும் கூட்டுறவு வணிகத்தையும் முன்வைத்து வடகிழக்குக் கரையில் பேராதரவு பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பினால் அவலானின் தென்கரையில் அச்சங்கம் காலூன்ற இயலவில்லை. ஒரே கடனில் சிக்கிய மீனவர்களைச் சமயம் பிரித்து வைத்தது.

5. ஒலியால் அறிந்த கடல்

தெளிந்த நாளில் மீனவர் தம் மீன்பிடி இடத்தைக் கரையடையாளங்களால் அறிந்தனர். தேவாலயக் கோபுரம் ஒரு பாறைமுனையோடு நேர்கோட்டில் வரும் இடமும், மற்றொரு குன்று வேறொரு பாறையோடு இணையும் இடமும் சந்திக்கும் புள்ளியே மீன் இருக்கும் திட்டு. இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாக வந்தது. மூடுபனி இறங்கியதும் அத்தனை அடையாளங்களும் மறைந்துவிடும்.

அப்போது செவியே கண்ணாயிற்று. பாறையில் மோதும் அலையின் ஓசை துறைக்குத் துறை வேறுபடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். குரலெழுப்பிச் செங்குத்துப் பாறையிலிருந்து மீளும் எதிரொலியைக் கேட்டுத் தொலைவைக் கணித்தனர். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழத்தையும் அடிமண்ணின் தன்மையையும் அறிந்தனர். நடுக்கடல் திட்டுகளில் பாய்க்கப்பலிலிருந்து இருவர் இருவராகச் சிறுபடகில் இறங்கி மீன்பிடித்தோர்க்கு இடர் இன்னும் பெரிது. பனி சூழ்ந்தால் தாய்க்கப்பல் கண்ணுக்கு மறைந்துவிடும். சங்கை ஊதி ஒருவரையொருவர் அழைத்தனர். கப்பலிலிருந்து மணி ஒலித்தது. மணியோசை எட்டாத தொலைவுக்கு விலகிச் சென்ற படகுகள் பல திரும்பவில்லை.

1836இல் ஸ்பியர் முனையிலும் 1856இல் ரேஸ் முனையிலும் கலங்கரை விளக்கங்கள் செயற்படத் தொடங்கின. மூடுபனியில் ஒளி பயனற்றுப்போகும் என்பதால் ஒலிக்கருவிகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. 1904இல் ரேஸ் முனையில் அமைந்த மார்கோனி கம்பியில்லாத் தந்தி நிலையம், 1912இல் டைட்டானிக் கப்பலின் துயரச்செய்தியைப் பெற்று உலகிற்கு அறிவித்த நிலையங்களுள் ஒன்றாகும். இத்தனைக்குப் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. 1918 பிப்ரவரியில் ஃப்ளோரிசெல் என்னும் பயணிகள் கப்பல் கப்பஹேடன் அருகே பாறையில் மோதியதில் 94 பேர் மாண்டனர்.

6. அடையாளமும் மயக்கமும்: நாட்டார் வழக்காறுகள்

பார்வை மறையும் நிலத்தில் வழிதவறுதல் வெறும் விபத்தாகக் கருதப்படவில்லை. இலையுதிர் காலத்தில் திறந்தவெளிகளில் காட்டுப்பழங்களைப் பறிக்கச் செல்வோர், பழகிய இடத்திலேயே திசை மயங்கி மணிக்கணக்கில் அலைந்ததுண்டு. அதனை 'தேவதைகள் இட்டுச்சென்றன' என மக்கள் விளக்கினர். அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் வந்த இந்நம்பிக்கை, மூடுபனி நிலத்தில் புதுவலிமை பெற்றது. பாதுகாப்புக்காகச் சட்டைப்பையில் ஒரு ரொட்டித்துண்டை வைத்துக்கொள்வதும், வழிதவறினால் மேற்சட்டையை உள்வெளியாகத் திருப்பி அணிவதும் வழக்கம். தனியே தொலைவு செல்லாதே என்று சிறுவரை எச்சரிக்கும் சமூகப்பயனும் இக்கதைகளுக்கு இருந்தது.

கிறிஸ்துமசை அடுத்த பன்னிரு நாட்களில் நிகழ்ந்த 'மம்மரிங்' என்னும் வேட வழக்கம் இதன் மறுபக்கமாகும். ஊரார் முகத்தைத் துணியால் மறைத்து, ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் உடுத்தி, மூச்சை உள்ளிழுத்தவாறு பேசிக் குரலையும் மாற்றி வீடு வீடாகச் சென்றனர். வீட்டார் அவர்களைச் சமையலறைக்குள் அழைத்து யாரென ஊகிக்க வேண்டும். பெயரைச் சரியாகச் சொன்னதும் முகத்திரை நீங்கும். பிறகு உணவும் மதுவும் வழங்கப்படும். 1860இல் வேடமணிந்தோரால் பே ராபர்ட்ஸில் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1861இல் உரிமமின்றிப் பொதுவிடத்தில் வேடமணிவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. எனினும் புறத்துறைகளில் இவ்வழக்கம் தொடர்ந்தது. ஹெர்பர்ட் ஹால்பெர்ட்டும் ஜார்ஜ் ஸ்டோரியும் பதிப்பித்து 1969இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு இதனை உலக நாட்டாரியலுக்கு அறிமுகம் செய்தது.

யாரென்று அறியாதவரை முதலில் வீட்டுக்குள் விடுவதும் அதன்பின் அடையாளம் கேட்பதும் இவ்விளையாட்டின் ஒழுங்கு. இது விளையாட்டில் மட்டும் நின்றுவிடவில்லை.

7. கரைசேர்த்தல்: 1942, 1986

1942 பிப்ரவரி 18ஆம் நாள் பனிப்புயலில், அமெரிக்கக் கடற்படையின் டிரக்ஸ்டன், பாலக்ஸ் என்னும் கப்பல்கள் பூரின் தீபகற்பத்தின் பாறைகளில் மோதின. 203 பேர் இறந்தனர். செயின்ட் லாரன்ஸ், லான் ஆகிய ஊர்களின் சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் கயிற்றில் இறங்கி 186 பேரை மேலேற்றினர். எண்ணெயில் ஊறிய மாலுமிகளைப் பெண்கள் தம் இல்லங்களில் கழுவித் துடைத்தனர். அவர்களுள் லானியர் ஃபிலிப்ஸ் என்பவர் டிரக்ஸ்டனில் உயிர் பிழைத்த ஒரே கறுப்பினத்தவர். அவரது தோலின் நிறத்தையும் எண்ணெயெனக் கருதிய பெண்கள் அதைக் கழுவ முயன்றனர். உண்மையை அறிந்த பின்னும் அவர்கள் நடத்தை மாறவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலத்தில் இனவெறிக்கு நடுவே வளர்ந்த அவர், தம்மை மனிதனாக மதித்த அந்நாள் தம் வாழ்வை மாற்றியதாகப் பிற்காலத்தில் பல மேடைகளில் கூறினார்.

இம்மரபின் தொடர்ச்சியாகவே 1986ஐக் காணவேண்டும். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழருள் ஒரு குழுவினர், மேற்கு ஜெர்மனியிலிருந்து ஆரிகே என்னும் கப்பலில் ஏறினர். கனடாக் கரையை அணுகும்போது அவர்கள் நடுக்கடலில் உயிர்காப்புப் படகுகள் இரண்டில் இறக்கிவிடப்பட்டனர். ஏறத்தாழ மூன்று நாட்கள் குளிரிலும் மூடுபனியிலும் மிதந்தனர். ஆகஸ்டு 11ஆம் நாள், செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு அப்பாலுள்ள கடலில் அட்மிரல்ஸ் பீச் ஊரைச் சேர்ந்த மீன்பிடிப் படகுத்தலைவர் கஸ் டால்ட்டன் அவர்களைக் கண்டார். தம் படகில் ஏற்றியதோடு, வானொலி வழியே பிற படகுகளையும் அழைத்தார். 155 பேரும் உயிருடன் கரை சேர்ந்தனர். செயின்ட் ஜான்ஸில் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்டனர்.

முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அகதிகள் கூறினர். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி வெளியானதும், கனடாவின் பொதுவெளியில் கசப்பான விவாதம் எழுந்தது. பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டுக்கான தங்கும் அனுமதி வழங்கப்பட்டது. மறு ஆண்டு நோவா ஸ்கோஷியாவில் சீக்கியர் குழு ஒன்று கரையிறங்கியபோது நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டு, கடுமையான அகதிச் சட்டங்கள் முன்வைக்கப்பட்டன.

இங்கு இருவகை ஒழுங்குகள் எதிரெதிரே நிற்கின்றன. நாட்டின் ஒழுங்கு, முதலில் நீ யார் என வினவி அதன்பின் கதவைத் திறப்பது. கரையின் ஒழுங்கு, முதலில் படகில் ஏற்றிவிட்டு அதன்பின் பெயரைக் கேட்பது. கடலில் இருப்பவன் இன்று அயலான். நாளை அதே பனியில் தன் மகன். இந்தக் கணக்கை அறிந்த சமூகத்திற்கு மீட்பு என்பது கருணையைவிடக் கடமைக்கு நெருங்கியது. 2016இல் முப்பதாம் ஆண்டு நினைவில், மீட்கப்பட்டோருள் சிலர் அக்கரைக்குத் திரும்பி டால்ட்டனைச் சந்தித்தனர்.

8. ஒரு வாழ்முறையின் முறிவு

தமிழர் மீட்கப்பட்ட வேளையில் அக்கரையே மூழ்கத் தொடங்கியிருந்தது. நியூஃபவுண்ட்லாந்து, 1948 ஜூலை பொதுவாக்கெடுப்பில் 52.3 விழுக்காட்டினரின் ஆதரவுடன், 1949இல் கனடாவுடன் இணைந்தது. 1954 முதல் 1975 வரை நடைபெற்ற மீள்குடியமர்த்தும் திட்டங்களால் ஏறத்தாழ 300 ஊர்கள் கைவிடப்பட்டன. சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தனர். சிலர் தம் மரவீடுகளையே கடலில் மிதக்கவிட்டுப் புதிய ஊருக்கு இழுத்துச் சென்றனர்.

இதே காலத்தில் ஐரோப்பிய நாடுகளின் இழுவைக் கப்பல்கள் நடுக்கடல் திட்டுகளில் இரவுபகலாக மீன்பிடித்தன. வடபகுதிக் காட் மீன் பிடிப்பு 1968இல் 8 லட்சம் டன்னைத் தொட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை விதித்த பின்னர், அதே முறையை உள்நாட்டு நிறுவனங்களின் கப்பல்கள் தொடர்ந்தன. 1980களின் நடுப்பகுதியில் கரையோர மீனவர்கள் மீன் குறைந்துவருவதையும் சிறுத்துவருவதையும் எடுத்துரைத்தனர். இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதத்தைப் பெரிதும் நம்பிய அரசின் மதிப்பீடு அவர்களது குரலுக்குச் செவிசாய்க்கவில்லை. எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டிருக்க, நவீனக் கருவிகள் அத்திரளைத் தேடிப்பிடித்தன. ஆகவே இருப்பு அழியும்போதும் பிடிப்பு குறையவில்லை. மதிப்பீடுகள் இருப்பை மிகையாகக் கணித்தன என்பதை லெஸ்லி ஹாரிஸ் தலைமையிலான குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை உறுதிசெய்தது. 1992 ஜூலை 2ஆம் நாள் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வடபகுதிக் காட் மீன்பிடிப்புக்குத் தடை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். தற்காலிகத் தடையென அறிவிக்கப்பட்டது, 2024இல் 18,000 டன் என்னும் சிறு ஒதுக்கீட்டுடன் நீக்கப்படும்வரை நீடித்தது.

செவியால் கடலை அறிந்த மக்களின் சொல், எண்களால் கடலை அறிந்தோரின் செவியில் விழவில்லை என்பதே இம்முறிவின் சாரம்.

முடிவுரை

மூடுபனி இக்கரை வரலாற்றின் பின்புலக் காட்சி மட்டுமன்று. கருவாட்டின் தரத்தைக் குறைத்து மீனவரின் கடனைப் பெருக்கியதும், பெண்களின் வானிலையறிவுக்கு மதிப்பளித்ததும், செவிவழி மாலுமியறிவை வளர்த்ததும், அயலாரை ஏற்ற பின்னரே அடையாளம் கேட்கும் ஒழுங்கை நிலைநிறுத்தியதும் அதுவே. ஆயினும் அவ்வொழுங்கு பியோத்துக் மக்களுக்கு எட்டவில்லை. கடலில் தத்தளிப்பவனிடம் காட்டிய பரிவு, நிலத்தில் போட்டியாளராகக் கருதப்பட்டோரிடம் காட்டப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே வரலாற்று நேர்மையாகும்.

ஈழத்தமிழரின் புலம்பெயர் வரலாற்றில் 1986 மீட்பு நன்றியோடு நினைக்கப்படுகிறது. அந்நன்றி ஒரு தனிமனிதரின் நற்குணத்தோடு நின்றுவிடாமல், அவரை உருவாக்கிய மீனவச் சமூகத்தின் உழைப்பையும் இழப்பையும் அறிவதாக விரிதல் வேண்டும். தமிழரை மீட்ட அப்படகுகள் ஆறே ஆண்டுகளில் காட் மீனை இழந்தன. நம் புலம்பெயர் ஆய்வுகள் வந்துசேர்ந்தோரின் கதையோடு, வந்துசேர்ந்த கரையின் கதையையும் எழுத முற்படுமாயின் இரண்டும் தெளிவுபெறும்.